ஒரு மாடி தூரம்

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பட்டறையிலிருந்து, கணினியில் இருப்பதையெல்லாம் நகலெடுத்த ஒரு டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போவாள். வீட்டில் இருப்பதைப் பட்டறைக்குக் கொண்டு வருவாள். ஒன்றுக்குச் சிவப்பு உறை, மற்றதற்கு நீல உறை. ஒன்று உள்ளே இருந்தால் இன்னொன்று ஊரின் மறுகோடியில் இருக்கும். காய்ச்சலில் கிடந்த வாரம்கூட இந்த வேலை நின்றதில்லை.

இப்போதும் நிற்கவில்லை. தொல்லையே அதுதான்.

கணவனோடு பேச்சு முறிந்து, ஒரு பெட்டியோடு அவள் அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அப்பா வீடு பட்டறைக்கு நேர் மேலே, மாடியில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா டிஸ்க்கைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டறையைப் பூட்டிவிட்டு மாடி ஏறினாள். டிஸ்க்கைத் தன் பெட்டிக்குள் வைத்தாள். மறு வாரம் அதை இறக்கி, மற்றதை ஏற்றினாள். சிரத்தையில் குறையே இல்லை. தூரம்தான் இல்லாமல் போயிருந்தது.

அப்பாவிடம் சொன்ன காரணம் வேறு. "அங்க வெள்ளையடிக்கிறாங்கப்பா. பெயின்ட் வாசனை ஒத்துக்கல."

ஒரு மாதம் கழித்து அப்பா கேட்டார். "அரண்மனைக்கா வெள்ளையடிக்கிறாங்க?"

அதற்கப்புறம் தினமும் காலையில், காபி டம்ளரும் கையுமாக, அதே கேள்வி. முடிந்ததா. அவளிடமும் அதே பதில். இன்னும் இல்லை.

போன வாரம் பக்கத்து மெத்தைக் கடை பற்றி எரிந்தபோது, சிவப்பு டிஸ்க்கை எடுக்க அக்கா கீழே ஓடினாள். தம்பி மேலே ஓடி அவள் பெட்டியைத் தூக்கி வந்தான். தெருவில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிவப்பு அவள் கையில் இருந்தது. நீலம் அவன் கையிலிருந்த பெட்டிக்குள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வெளியே இருக்க வேண்டிய டிஸ்க், தீக்கு ஒரு சுவர் தள்ளி இருந்திருக்கிறது.

தீ அந்தச் சுவரோடு நின்றுவிட்டது. இவர்கள் பேச்சும் நின்றுவிட்டது. இதை வேறெங்கே வைக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்பதும் கூடவே வரும்.

ஆனால் தீ விஷயம் மருத்துவமனையின் காதுக்குப் போய்விட்டது. பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரை அனுப்புவது அந்த மருத்துவமனைதான். இன்று காலை அங்கிருந்து ஓர் அம்மா வந்து இறங்கினார். ஒவ்வொரு வருஷமும் சோதனைக்கு வருகிறவர். பட்டறை ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கேள்வியம்மா.

பட்டறையில் செய்வது செயற்கைக் கால். கால் போனவர்களுக்கு மிச்சமிருக்கும் பகுதியை ஒரு கருவி சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கும். அந்த உருவத்தை வைத்துத்தான் கால் போய் உட்காரும் கிண்ணத்தைச் செய்கிறார்கள். ஒரு நூல் பிசகினாலும் புண்ணாகிவிடும். எங்கே அழுத்துகிறது, எங்கே கொஞ்சம் இளக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தி வைத்தது ஒவ்வொன்றும். தம்பி கையால் செய்வான். அக்கா கணினியில் காப்பாள்.

கேள்வியம்மா வந்த வேகத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கட்டடம் எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குவோம்."

"வேண்டாங்க, வாயால சொல்லாதீங்க," என்றான் தம்பி.

"சொல்லலேன்னா எரியாதா?"

தம்பி உளியைக் கீழே வைத்தான்.

"எரிஞ்சு போச்சு. உள்ள இருந்து ஒரு குண்டூசி கூட எடுக்க முடியல. நாளைக்கு ஒருத்தர் காலு உடைஞ்சு போச்சுன்னு வந்து நிக்கிறாரு. என்ன செய்வீங்க? வெளியில ஒரு பிரதி இருக்குன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கறீங்க. நான் இதுவரைக்கும் அதக் கண்ணால பாத்ததில்ல. எதிர் ஓட்டல்ல உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒரு மடிக்கணினி இருக்கு. அதுல போட்டு ஒரு கால் உருவத்த எடுத்துக் காட்டுங்க. போதும்."

"யாரு காலு?" என்றாள் அக்கா. குரல் சரியாகத்தான் வந்தது.

மூலையில் இருந்த தையல்காரம்மா கையைத் தூக்கினாள். கிண்ணத்தின் விளிம்பு உரசுகிறது என்று தேய்க்கக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். "என் காலையே வெச்சுப் பாத்துக்கோங்க. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"தேறலேன்னா?" என்று தம்பி கேட்டான்.

"தேறலேன்னா ஆளுங்கள வேற இடத்துக்குத்தான் அனுப்பணும். எனக்கு மட்டும் ஆசையா?" கேள்வியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "இட்ட வேலை."

அவர் தெருவைக் கடந்ததும் அக்காவும் தம்பியும் மாடிப்படிக்குக் கீழே நின்றார்கள்.

"நீலத்த எடுத்துப் பையில போட்டுக்கக்கா. ஒரு டாக்சி புடிச்சு ஒரு சுத்து சுத்திட்டு வந்து குடு. வெளியில இருந்து வர்றதாத்தானே ஆகும்."

"பொய்."

"பொய்யே இல்ல. வெளியில இருந்துதானே வருவே."

"உனக்குத் தெரியும் இல்ல?"

"என்ன?"

"வெள்ளையடிக்கலன்னு."

தம்பி மேலே பார்த்தான். மாடியில் அப்பாவின் ரேடியோ சன்னமாகக் கேட்டது. "பெட்டிய நான்தானே தூக்கினேன். ரெண்டு நாளைக்கு வந்தவ பெட்டி அந்தக் கனம் கனக்காது."

அக்கா மாடி ஏறினாள்.

அவள் கணவர் கெட்டவர் இல்லை. அப்படி இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். வேறு ஊரில் ஒரு வேலைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அப்புறம் இவளிடம் சொன்னார். பட்டறை என்ன ஆவது என்று கேட்டதற்கு, அது உன் தம்பி பட்டறை என்றார். அன்றைக்குக் கட்டிய பெட்டி.

நீல டிஸ்க்கைப் பையில் போட்டு இறங்கி வந்து ஒரு டாக்சியில் ஏறினாள். டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "எங்கம்மா?"

"சும்மா. ஒரு சுத்து."

"சுத்துன்னா?"

"போயிட்டுத் திரும்பி இங்கயே வரணும்."

"ஏதாவது மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"இங்கயே இறங்கிக்கிட்டா உங்களுக்கு மிச்சம்."

"ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். சந்தைத் தெரு வழியாகப் போய், ரயில் கேட்டில் நின்று, இரண்டு சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டுத் திரும்பினார்கள். பாதி வழியில், யாரும் கேட்காமலே, அவர் சொன்னார். "எங்க வீட்டுக்காரிக்கும் கோவம் வந்தா இப்படித்தான். ஒரு சுத்து."

அக்கா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பட்டறைக்கு எதிரே இறங்கும்போது, சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. வீட்டிலிருந்து கொண்டு வந்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஓட்டலில் கடைசி மேசையில் கேள்வியம்மாவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா ஊன்றுகோலோடு வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அப்பா.

"பால்கனியில இருந்து பாத்தேன். எல்லாரும் ஓட்டலுக்குப் போறீங்க, என்னைக் கூப்பிடல," என்றார் அப்பா. "உக்காரு பாப்பா."

அக்கா நீல டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். கேள்வியம்மா அதை மடிக்கணினியில் பொருத்தினார்.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இந்தத் தம்மாத்தூண்டு டப்பாவிலயா என் காலு இருக்கு? அப்ப ஒரு ரூம் நிறைய வெச்சிருந்தீங்க."

அப்பாவின் காலத்தில் எல்லாம் காலைப் பதித்து எடுத்த சாந்து அச்சுகள். ஆளுக்கொரு அச்சு, பின்கட்டு அறையில் வரிசை வரிசையாக. வெள்ளம் வந்த வருஷம் அறைக்குள் தண்ணீர் ஏறி அத்தனையும் கரைந்து குழம்பாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த வீட்டில் அந்தச் சட்டம் வந்தது. எது செய்தாலும் அதில் ஒன்று வெளியே இருக்க வேண்டும்.

"நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பொண்ணு," என்றாள் தையல்காரம்மா. "வளர்ற வயசு, பழைய கால் சேரல. புதுசா அளவெடுக்க எனக்கு முறை வர்றதுக்குள்ள ஒரு வருஷப் படிப்பே போச்சு. என்கூடப் படிச்சவளுங்க எல்லாம் அடுத்த வகுப்புக்குப் போயிட்டாளுங்க." அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப அந்த பயம் இல்ல. கட்டடமே எரிஞ்சாலும் என் காலு உன் வீட்ல பத்திரமா இருக்கும். அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். தம்பி மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தான்.

"இல்லங்க," என்றாள் அக்கா.

கேள்வியம்மா தலை நிமிர்ந்தார்.

"இந்த டிஸ்க் மேல, மாடியில இருந்து வருது. என் பெட்டியில இருந்துச்சு. ரெண்டு மாசமா ரெண்டு டிஸ்க்கும் அதே கட்டடத்துலதான் இருக்கு. போன வாரம் தீ இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா ரெண்டும் சேந்து போயிருக்கும். இப்ப டாக்சியில ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"ஏன் மாடியில?" என்றார் கேள்வியம்மா.

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அங்க வெள்ளையடிக்கலப்பா. நான் வந்துட்டேன்."

பரிமாறுகிறவர் வந்து நின்றார். "வேற என்ன வேணும்?"

"காபி," என்றார் அப்பா. "எல்லாருக்கும். எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

மடிக்கணினியில் ஒரு கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. திரையில் தையல்காரம்மாவின் கால் வந்தது. முழங்காலுக்குக் கீழே வழவழப்பாக முடிந்த சாம்பல் நிற உருவம். மூன்று வாரத்துக்கு முன் எடுத்த புது அளவு.

"என் காலேதான்," என்றாள் அவள் மெதுவாக. "அந்தத் தழும்பு கூட இருக்கு."

கேள்வியம்மா பேனாவைத் திறந்தார். "பிரதி நல்லா இருக்கு. இருக்கற இடம்தான் தப்பு. பொய் சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன். அதையும் சொல்லிடறேன்." கொஞ்சம் யோசித்தார். "இன்னிக்கே வேற இடம் சொல்லுங்க. பிரதி அங்க போய்ச் சேரணும். அடுத்த வாரம் நான் நேரா அந்த வாசல்ல போய் நிப்பேன். இருந்தா தேறினீங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"இணையத்துல வெச்சா?" என்றான் தம்பி.

"ஆளுங்களோட உடம்பு விவரம். அதுக்கு எங்க ஆஸ்பத்திரியில தனி அனுமதி வேணும். கேட்டு வைங்க, மெதுவா வரும். இப்போதைக்கு ஒரு வீடு சொல்லுங்க. தூரத்துல இருக்கணும். நம்பிக்கையான ஆளா இருக்கணும். வெள்ளிக்கிழமையானா நீங்க போய்க் கதவத் தட்டுற மாதிரி இருக்கணும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது.

"மாமா வீடு?" என்றாள் அக்கா.

"என் பட்டறை திறப்புவிழாவுல அவருக்குப் பின் வரிசையில நாற்காலி போட்டோம்னு இன்னும் பேசறதில்ல," என்றான் தம்பி.

"அத்தை?"

"அத்தைகிட்ட குடுத்தா வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டும்."

"உங்க மாமனார் வீடு?" என்று கேள்வியம்மா தம்பியைக் கேட்டார்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"அதுவரைக்கும் காத்திருக்க முடியாது."

தையல்காரம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வீட்டுல வெச்சுக்கலாம்னா, நான் பட்டறைக்கு அடுத்த தெரு."

ஒரு பெயர் பாக்கி இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. சித்தப்பா, அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேட்டுத் தெருவில் இருக்கிறார். எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத இடம். வெள்ளம் வந்த அந்த வருஷம் மழை தொடங்கும்போதே, அச்சுகளை என் வீட்டில் கொண்டு வந்து வை என்று கேட்டவர் அவர்தான். அப்பா கேட்கவில்லை. வெள்ளம் வடிந்து, அப்பா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா வந்து வாசலில் நின்று சொன்னார். நான் அப்பவே சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அண்ணன் தம்பி உறவு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரைக்கூட அந்த வீட்டில் சொல்வதில்லை.

"சரி, அது இருக்கட்டும்," என்றார் கேள்வியம்மா. "வேற ஏதாவது பிரதி எங்கயாவது விட்டுப் போயிருக்கா?"

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கறுப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று மாதம் ஒரு முறை எடுத்து, கணவரின் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கும் மூன்றாவது டிஸ்க். கிளம்புகிற கோபத்தில் அதை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சொன்னாள்.

"போன் பண்ணிக் கேளுங்க," என்றார் கேள்வியம்மா. "அத்தனை பேரோட விவரம் யார் வீட்லயோ கிடக்கக் கூடாது."

யார் வீட்டிலோ. அக்கா எழுந்து போய் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஒரு கறுப்பு டிஸ்க். உங்க இழுப்பறையில. அது வேணும்," என்றாள்.

"அது இங்க இல்லையே. உங்கப்பா வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அப்பாவா?"

"வெள்ளையடிக்கறத பாக்க வந்தேன்னாரு. சுவரப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி வாங்கிக் குடிச்சாரு. எம் பொண்ணு ஒரு டப்பா வெச்சிருப்பாளே, அத மட்டும் குடுங்கன்னாரு." அவர் தொண்டையைச் செருமினார். "உனக்கு ஒரு விஷயம் சொல்லி அனுப்பினேன். சொன்னாரா?"

அக்கா கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அப்பா காபியை டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவள் வந்து உட்கார்ந்ததும் அப்பா நிமிர்ந்து பார்க்காமலே கேள்வியம்மாவிடம் சொன்னார். "எழுதிக்கோங்க. மேட்டுத் தெரு, பச்சைக் கேட் போட்ட வீடு. கறுப்பு டப்பா அங்க இருக்கு."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "சித்தப்பா வீடா? நீங்கதான் பேசறதே இல்லையே."

"பேசாம எப்படிடா குடுக்கறது? மதில் மேல வெச்சுட்டு ஓடியா வர முடியும்?"

"என்ன சொன்னாரு?"

"நான் அப்பவே சொன்னேன்னான்."

"நீங்க?"

அப்பா ஒரு வாய் குடித்தார். "ஆமாடா, நீ சொன்னது சரின்னேன். அவனுக்கு அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியல. உள்ள வான்னான்."

கேள்வியம்மா எழுதிக்கொண்டார். "எவ்வளவு நாள் முந்தின பிரதி?"

"ரெண்டு மாசம்," என்றாள் அக்கா. "வாரா வாரம் மாத்தணும்னு அப்பாவுக்குத் தெரியாது. இவங்க காலோட புது அளவு அதுல இருக்காது."

"பழசு," என்றார் கேள்வியம்மா. "ஆனா வெளியில இருக்கு. ஒண்ணுமில்லாததுக்கு அது எவ்வளவோ மேல். இந்த நீலத்த இன்னிக்கே அங்க சேருங்க. அடுத்த வாரம் பச்சைக் கேட்டுக்கு வர்றேன்." எழுந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். "உங்க சித்தப்பா வீட்ல நாய் இருக்கா?"

"தெரியாதுங்க," என்றான் தம்பி. "நாங்க போயே ரொம்ப வருஷமாச்சு."

தையல்காரம்மாவைக் கைத்தாங்கலாகப் பட்டறைக்கு அழைத்துப் போனான் தம்பி. அக்கா நீல டிஸ்க்கை உறையில் போட்டு, பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அதே டாக்சி இன்னும் எதிரிலேயே நின்றிருந்தது.

"மறுபடியும் சுத்தா?" என்றார் டாக்சிக்காரர்.

"இல்ல. போற இடம் இருக்கு."

ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள். "தெரிஞ்சுக்கிட்டே தினமும் கேட்டீங்களாப்பா?"

"நீயா சொல்லணும்னு இருந்தேன். நான் எடுத்துச் சொன்னா, நீ உடனே வேற பொய் யோசிப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"அவர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

அப்பா குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, பிடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். "அத என் வாயால சொன்னா சரியா வராது பாப்பா."

பிறகு முன்னால் சாய்ந்து டாக்சிக்காரரிடம் மேட்டுத் தெரு என்றார். அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு இடம் போகணும்," என்று இன்னொரு தெருவையும் சொன்னார்.

அது அக்கா இரண்டு மாதத்துக்கு முன் பெட்டியோடு கிளம்பி வந்த தெரு.

டாக்சிக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "போலாமாம்மா?"

அக்கா கதவுப் பிடியின் மேல் கையை வைத்திருந்தாள். திறக்கவில்லை. எடுக்கவும் இல்லை.